நாற்பத்தோராம் இருக்கை

திரையில் 169 என்று தொடங்கும் நெட்வொர்க் முகவரி.

தேர்வு மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சர்வரிடம் கேட்ட முகவரி கிடைக்காததால், அந்தக் கணினி தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக்கூடத் திறக்க முடியாது.

தேர்வு தொடங்கிப் பத்து நிமிடம். நாற்பத்தோராம் இருக்கைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ரீஸ்டார்ட் பண்ணும்மா. சில பேருக்கு மெஷின் ஒத்துக்காது." தேர்வு மையத்தின் மேலாளர் நல்லமுத்து. வடை தின்ற விரலால் திரையைத் தொட்டார். எண்ணெய் அங்கேயே நின்றது.

ஐந்து வருடமாக அவள் இங்கே ரீஸ்டார்ட்தான் செய்கிறாள். ஒவ்வொரு தேர்விலும் ஓர் இருக்கை இப்படி ஆகும். முக்கால் மணி நேரம் கழித்துத் தானே சரியாகும்.

சர்வர் அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். இன்று வடைத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

எடுத்தாள்.

சர்வர் அறைக்குள் போய்ப் பட்டியலைத் திறந்தாள். அறுபது இருக்கை. மேசையில் இருப்பது திரையும் மவுஸும்தான்; அறுபதும் ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள். தேர்வு நடத்துபவர்கள் அனுமதித்தது அறுபதே முகவரி.

பட்டியலில் அறுபத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொன்றுக்கு ஒரு நகல். அதே அடையாள எண். காலை ஒன்பது ஐந்துக்கு எடுத்தது. அது முந்திக்கொண்டு முகவரியை வாங்கிவிட்டது.

நகலின் திரையைத் திறந்தாள். ஏழாம் இருக்கைக்காரனின் புகைப்படம். பன்னிரண்டாவது கேள்வி. அவனோ கண்ணாடிக்கு அப்பால் சும்மா மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான். நகலின் இணைப்பு மூன்றாம் மாடிக்குப் போனது. எழுதுவது அங்கே, எப்போதும் பூட்டிக் கிடக்கும் அறையில், வேறு யாரோ.

மேலே ஒருவன் நுழைய, கீழே ஒருத்தியை வெளியே தள்ள வேண்டும்.

ஏன் நாற்பத்தொன்று?

காலையில் வாசலில் நின்று அவர் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டார். "கூட யாராச்சும் வந்திருக்காங்களாம்மா?" எவ்வளவு அக்கறை என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள்.

ஐந்து வருடத்துக்கு முன் இவளும் அதே வாசலில் தலையாட்டினாள். பதினேழாம் இருக்கை. நாற்பது நிமிடம் வெறும் திரை. அழுதவளுக்கு அவர்தான் தண்ணீர் கொடுத்தார். அடுத்த மாதம் வேலையும் கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டாள்.

பழைய நகல்களைத் தேடினாள்.

பதினேழு. அந்தத் தேதி.

அழித்துவைக்கக்கூடத் தோன்றவில்லை இந்த ஜென்மங்களுக்கு.

ஐந்து வருடம் ரீஸ்டார்ட் அழுத்திய விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

நகலை நிறுத்தினாள். அழிக்கவில்லை.

நாற்பத்தொன்று முகவரி கேட்டது. கிடைத்தது. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கதவில் அவளே ஒட்டிய அறிவிப்பு. முறைகேடு கண்டால் அழைக்கவும். கீழே தேர்வு நடத்துபவர்களின் எண்.

மேசைத் தொலைபேசியை எடுத்தாள். மையத்தின் பெயரைச் சொன்னாள். மூன்றாம் மாடி என்றாள். பழைய நகல்களின் பட்டியலில் இருந்த இருக்கைகளை, தன்னுடையதில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தேதியோடு வாசித்தாள். வாசித்து முடிக்க நேரம் பிடித்தது.

வைத்துவிட்டுத் திரும்பியபோது நல்லமுத்து உள்ளே வந்துகொண்டிருந்தார். அவர் செல்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. திரையில் நின்றுபோன நகலைப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

வாசலில் கேட்ட அதே குரல்.

"உன்கூட யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"வந்துட்டிருக்காங்க சார்."