பச்சைப் புள்ளி

"உங்க கிருமி வேலியைத் தாண்டி வந்துருச்சு மேடம். அதான் என் மாடு நாலு நாளா எந்திரிக்கல."

ஆய்வுக்கூடத்துக்குள் செருப்போடு வந்து நின்ற பால்காரரை ஆராய்ச்சிக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். தான் கறந்த பாலையே சந்தேகமாகப் பார்க்கிற ஆள் அவர். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தொழுவம். இந்தப் பக்கம், உண்ணிக் காய்ச்சலை ஆராய மாடு வளர்க்கும் கொட்டகை.

"உண்ணி எங்கதான் இல்ல அண்ணே? உங்க மாட்டுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்."

"அது உங்க கிருமியா, வெளிக் கிருமியான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"எங்க பாக்டீரியாவுல ஒரு மரபணுவை மாத்தி வெச்சிருக்கோம். நீல வெளிச்சத்துல பச்சையா மின்னும். எங்க கொட்டகையில எந்த மாட்டு ரத்தத்தை எடுத்தாலும் மின்னும். வெளி மாட்டுல மின்னாது."

"மின்னிச்சுன்னா?"

"எங்க தப்பு. இந்த இடத்தையே இழுத்து மூடிடுவாங்க."

பால்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "காலையில எடுத்த ரத்தம். என் முன்னாடியே பாருங்க."

அந்த அம்மா அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சொட்டு வைத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி நீல வெளிச்சத்தைப் போட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. பால்காரருக்கு அந்த மாடு போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"ஒண்ணுமில்ல அண்ணே. ஒரு பச்சைப் புள்ளிகூட இல்ல."

"நானும் பார்க்கலாமா?"

"தாராளமா." பக்கவாட்டில் அதே பொத்தானை லேசாகத் தொட்டுவிட்டு இடம் விட்டார்.

பால்காரர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரே இருட்டு.

"அப்ப இந்த ரத்தத்துல உங்க கிருமி இல்லைன்னு எழுதிக் கொடுத்துருங்க."

மறுபேச்சில்லாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார். "இனிமேலாவது வீணா சந்தேகப்படாதீங்க."

பால்காரர் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டார். பிறகு மற்ற பையிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதுதான் என் மாட்டோட ரத்தம் மேடம். நீங்க பார்த்தது உங்க கொட்டகை ஏழாம் நம்பர் மாட்டோடது. அங்க சாணி அள்ளுறவன் என் மச்சான்."