நனைந்த தாருக்கு ஒரு டயர்

தென்காசி டயர் கடை வாசலில் வெயிலும் சாரலும் சேர்ந்து விழுகின்றன. நான்கு டயர்களும் வழுவழுவென்று தேய்ந்துபோன பழைய ஜீப்பின் கூரையில் ஈரம் பொடிப்பொடியாய் மின்னுகிறது. தளவாய், கட்டை கட்டையாய்ப் பல் வைத்த ஒரு தடித்த டயரின் மேல் கை போட்டு நிற்கிறார். "ஜீப்புன்னா இதுதாம்லா கெத்து," என்கிறார் கடைக்காரரிடம். தளவாய் வருஷக்கணக்காக ஓட்டிய அந்த ஜீப்பில் இப்போது தினமும் புளியறை வரை போய் வருவது அவர் மகள் ஜெயபிரியா, கால்நடை மருத்துவர். அவள் குனிந்து, பல் நெருக்கமான வேறொரு டயரின் வரிகளுக்குள் விரலை ஓட்டிப் பார்க்கிறாள். "எப்பா, நான் மண்ணுல போறது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் நனஞ்ச தாரு. மலை வளைவுல பிரேக் பிடிச்சா உங்க டயரு வழுக்கிட்டுப் போயிரும். எனக்கு வண்டி நிக்கணும்." கடைக்காரர் சிரித்துக்கொண்டே தளவாயைப் பார்க்கிறார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. எத மாட்ட?" காற்றடிக்கும் இயந்திரம் சட்டென்று ஓய்கிறது. தகரக் கூரையில் சாரல் கேட்கிறது. தளவாய் தடித்த டயரை ஒருமுறை தட்டிவிட்டுக் கையை எடுக்கிறார். "என்கிட்ட என்னவே கேக்கீரு? ஓட்டுதது அவ. அவ சொன்னத மாட்டும்." அவள் தேர்ந்தெடுத்த டயர்கள் ஒவ்வொன்றாய் உருண்டு வருகின்றன, புது ரப்பர் வாசத்தோடு. அதற்குள் இன்னொரு ஜீப் வந்து நிற்கிறது. இறங்கிய இளைஞன் நேராக அந்தத் தடித்த டயரிடம் போகிறான். கடை முழுக்கக் கேட்கும் குரலில் தளவாய் முந்திக்கொள்கிறார். "ஏ தம்பி, பொறு. அங்கன நிக்கால்லா, எம் மக. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடு."