கிணற்றுக்குள் ஒரு ஜெபம்

கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மண் சரிந்தது. அடியில் நின்ற யேசுவடியானையும் சுடலையையும் இடுப்புவரை மூடிவிட்டது. மேலே நின்றவர்கள் கயிறு எடுக்க ஓடினார்கள். மண் இன்னும் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"கர்த்தாவே, எங்க ரெண்டு பேரையும் கைவிடாதேயும்" என்று யேசுவடியான் உரக்க வேண்டினார்.

"உமக்குப் பயமில்லையா அண்ணாச்சி?" சுடலை அழுதான்.

"உசுரே நடுங்குதுடே. அதாம்ல அவரைக் கூப்பிடுதேன்."

"நான் உங்க கோயில் வாசலக்கூட மிதிச்சதில்லையே. எனக்கும் இரங்குவாரா?"

"ரெண்டு பேருன்னுதானல சொன்னேன்."

ஒரு கயிறுதான் வந்தது. யேசுவடியான் கைகளாலேயே மண்ணைப் பறித்து, சுடலையை விடுவித்து, அவன் இடுப்பில் அந்தக் கயிற்றைக் கட்டினார். அவன் மேலே போனான்.

தனியாக நின்றபோது கிணறு இன்னும் ஆழமானதுபோல இருந்தது. மண் அவர் நெஞ்சைத் தொட்டது. ஜெபிக்க வாயைத் திறந்தால் "கர்த்தாவே" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கண்ணில் தூசி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். இடுப்பில் கட்டிய கயிறு அவிழாமல், தோளில் இன்னொரு கயிற்றோடு சுடலை இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"ஏம்ல திரும்ப வந்த? மண்ணு விழுதுடே!"

"கையத் தூக்கும் அண்ணாச்சி."

அவரைச் சுற்றியிருந்த மண்ணைக் கையால் பறித்துத் தள்ளிவிட்டு, அக்குளுக்கடியில் கயிற்றைச் சுற்றினான். முடிச்சு இறுக விழுந்தது.

மேலே நின்றவர்கள் இருவரையும் இழுக்கத் தொடங்கினார்கள்.