புறங்கை

நெற்றியில் ஒரு கை வைத்துப் பார்க்க இருபது திர்ஹம். ஊரில் மனைவி சும்மா வைத்த கைதான். கடல் தாண்டினால் எதற்கும் விலை உண்டு. மூன்று வருஷமாக ஊர் போகாத முத்திருளன், அவ்வப்போது காய்ச்சல் என்று சொல்லி அந்தக் கிளினிக்குக்குப் போவான். நர்ஸ் ஜெபராணி புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

இந்த முறை துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டினாள். "காய்ச்சலே இல்லண்ணே."

"நீங்க தொடவே இல்லையே சிஸ்டர். பாதிக் காசைத் திருப்பிக் குடுங்க."

சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். கருவியை ஓரமாக வைத்துவிட்டு, புறங்கையை நெற்றியில் வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

"சுடுதா?"

"லேசா" என்று பொய் சொன்னாள்.

வெளியே வந்து கணக்குப் பார்த்தான். கொடுத்தது இருபது. வாங்கியது அதற்கு மேல். பாக்கி அவன் பக்கம்தான் நின்றது.