உள்ளறை மட்டும் வேண்டாம்

ரிஸ்பா உள்ளறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வுக்காகக் கொசு பிடிக்க வந்த அவினோவுக்குக் கவலையாகிவிட்டது. ஏரிக்கரை ஊரில் போன மாதம்தான் மலேரியாவில் இரண்டு குழந்தைகள் போயிருந்தன. தரையில் வெள்ளைத் துணி விரித்து, எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி மருந்தடித்தால் சுவரில் ஒட்டியிருக்கும் கொசுவெல்லாம் துணியில் விழும். எந்தக் கொசு நோயைப் பரப்புகிறது என்று அதில்தான் தெரியும். அவை அதிகம் பதுங்குவது இருட்டான உள்ளறையில்.

முன்னறைக்கு ரிஸ்பா தடை சொல்லவில்லை. ஒமேனா என்ற பொடிமீன் கருவாட்டுக் கூடையைக்கூடத் தானே வெளியே எடுத்து வைத்தாள். உள்ளறை மட்டும் கூடாதாம். காரணமும் சொல்லவில்லை.

துணிகளைச் சுமந்து வந்த ஒகோலாவுக்குப் பொறுக்கவில்லை. விடியுமுன் எழுந்து வீடு வீடாக வழிகாட்டுகிற மனிதர்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவங்களே திறந்து விட்டாங்க. உனக்கென்ன வந்துச்சு?"

அக்கம்பக்கத்தாரும் அவளைத் திட்டினார்கள். தானே பார்த்துவிடுவதாக ஒகோலா படியேறினார். ரிஸ்பா இரு கைகளாலும் கதவு நிலையைப் பற்றிக்கொண்டதை அவினோ கவனித்தாள்.

"ஆம்பளைங்க வேண்டாங்க்கா. நான் மட்டும் வரேன்."

ரிஸ்பா தயங்கி, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்தாள்.

உள்ளே கொசுவலைக்குள் ஓர் இளம்பெண் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

மருந்தடிப்பதென்றால் இவளை வெளியே கூட்டிவர வேண்டும். அவினோ குனிந்து, யார் அடித்தது என்று மெல்லக் கேட்டாள்.

"வாசல்ல உங்க துணியைத் தூக்கிட்டு நிக்கிறாரே..." அவள் வாசல் பக்கம் கைகாட்டினாள். "அவருதான். என் வீட்டுக்காரர்."

அவினோ வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"உள்ளே சாமான் நிறைய இருக்குண்ணே. அவங்க ஒதுக்கட்டும். அதுக்குள்ள கடைசி வீட்டை முடிச்சிடலாம்."

ஒகோலா முணுமுணுத்தபடி முன்னால் நடந்தார். அவினோ பின்தங்கி, தெருவில் நின்ற தங்கள் வண்டியின் ஓட்டுநர் காதில் ஏதோ சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டாள். கடைசி வீட்டில் மருந்தடித்து முடிக்கும்வரை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் திரும்பியபோது வண்டி இல்லை. உள்ளறை விரியத் திறந்திருந்தது. ரிஸ்பாவே வழிவிட்டாள்.

ஒகோலா துணியின் ஒரு முனையைப் பிடித்துக் காலிக் கட்டிலைச் சுற்றி விரித்தார்.

"இப்படித்தான் ஊருக்காகக் கொஞ்சம் மனசு வைக்கணும்," என்று ரிஸ்பாவுக்குப் புத்தி சொன்னார்.