செம்பு பூசிய ரவை

"இந்தக் கோழையக் கூட்டிட்டுப் போ, வெண்டல். வெடிச்சாப் போதும், வண்டிக்கு அடியில பூந்துக்குது. நீயும் ரெண்டு வருஷமாத் துப்பாக்கியத் தொடல. நல்ல ஜோடிதான்!"

ராய்ஸ் சிரித்தான். காடை வேட்டைக்குப் பழகிய அவன் நாய் மேஸி, என் காலடியில் சுருண்டு கிடந்தது.

"மத்தவங்க சுட்டாலும் ஓடுதா?"

"அதென்னவோ, நான் சுட்டாத்தான். இத்தனைக்கும் தோட்டாவ நானே அடைக்கிறேன். உள்ள போடுற குண்டு, செம்பு பூசின ரவை. இந்த வட்டாரத்துல வேற எவன்கிட்டயும் கிடையாது."

வீட்டில் குளிப்பாட்டும்போது மேஸியின் தொடையில் மூன்று இடங்களில் விரலில் கெட்டியாகத் தட்டியது. கால்நடை மருத்துவர் கீறி எடுத்துக் கொடுத்தார். மூன்றும் செம்பு பூசிய ரவைகள். தாழப் பறந்த காடையைக் குறிவைத்திருக்கிறான், குறுக்கே இருந்த நாயைப் பார்க்காமல். அருவருப்பாக இருந்தது.

 வீடு திரும்பியதும், இரண்டு வருடம் முன்பு ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு குப்பியை முதல் தடவையாகத் திறந்தேன். என் இடது கண்ணிலிருந்து எடுத்த ரவை அதில் இருந்தது. "வேலிக்கு அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்த ஃப்ளோரிடாக்காரன் எவனோ சுட்டுட்டான்டா" என்று அழுதுகொண்டே என்னைத் தூக்கிப் போனவன் ராய்ஸ்.

மேஸியின் மூன்றோடு சேர்த்து உள்ளங்கையில் கொட்டினேன். நான்கும் ஒரே செம்புச் சிவப்பு.

வாசலில் அவன் வண்டி வந்து நின்றது. கண் போனதிலிருந்து வாராவாரம் எனக்கு சூப் கொண்டுவருகிறான்.

மேஸி கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. நான் கதவைத் தாழிட்டேன். இரண்டு வருடமாக அந்த சூப்பைக் குடித்து அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.