பதினேழு குறைகள்

"பதினேழு குறையாம், பதினேழு! நம்பர் போட்டு எழுதியிருக்காரு மனுஷன்!"

தையற்காரி செல்போனை மெஷின் மேல் பொத்தென்று வைத்தாள். உடனே எடுத்து மறுபடியும் படித்தாள்.

இணையப் பக்கம் செய்யக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம். ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். எல்லாம் தட்டுத் தடுமாறிக் கற்று, தன் தையல் கடைக்கே ஒரு பக்கம் செய்திருந்தாள். நாளை கடை வேறு தெருவுக்கு மாறுகிறது. வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் இன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தைத்தான் அனுப்பப் போகிறாள்.

வகுப்பில் பத்துப் பேர். ஒருத்தர் செய்ததை மற்ற ஒன்பது பேரும் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். எட்டுப் பேர் 'அருமை', 'சூப்பர்' என்று எழுதிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள்தான் அந்த லாரி டிரைவர். வகுப்பில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர்.

"அப்படி என்னதான் சொல்றாரு அண்ணி?" காஜா எடுத்துக்கொண்டிருந்த நாத்தனார் கேட்டாள்.

"செல்போன்ல திறந்தா எழுத்தெல்லாம் படத்து மேல ஏறி உட்காருதாம். மஞ்சள்ல வெள்ளை எழுத்து கண்ணுக்கே தெரியலையாம். கடை போன் நம்பர்ல ஒரு எண் கம்மியாம்..."

"கம்மியாவா இருக்கு?"

தையற்காரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கம்மியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

முணுமுணுத்துக்கொண்டே நம்பரைத் திருத்தினாள். மெஷினில் உட்கார்ந்தாள். நூல் அறுந்தது. கோத்தாள். மறுபடி அறுந்தது. எழுந்துவிட்டாள்.

"எட்டுப் பேர் கண்ணுல படாதது இவர் கண்ணுல மட்டும் எப்படிப் படுது? வயித்தெரிச்சல்! இரு, அவர் பண்ணின லட்சணத்தையும் பார்த்துடறேன். இருபது குறை கண்டுபிடிக்கல, நான் தையற்காரி இல்ல!"

டிரைவரின் பக்கத்தைத் திறந்தாள்.

வெள்ளையாக இருந்தது. மூடித் திறந்தாள். அப்போதும் வெள்ளைதான். ஒரு எழுத்துகூட இல்லை.

"ஊருக்கெல்லாம் குறை சொல்லத் தெரியுது, இவரோடது வெறும் காலி!" நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேட்டே விடுவது என்று தையற்காரி அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, உங்க பக்கத்துல ஒண்ணுமே இல்லையே?"

"ஆமாம்மா," என்றார் அவர், லாரிகளின் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே. "சரக்கு இறக்கி முடியறதுக்குள்ள என்னோடதைச் செஞ்சுடலாம்னுதான் உட்கார்ந்தேன். உங்களோடதைத் திறந்தா, நாளைக்கே கடை மாறுதுன்னு போட்டிருந்தது. நம்பரும் தப்பு, விலாசமும் படிக்க முடியல. உங்களைத் தேடி வர்றவங்க எங்கேன்னு போய் நிப்பாங்க? சரி, முதல்ல இதை முழுசாப் பார்த்துடலாம்னு ஆரம்பிச்சேன். நாலு மணி நேரம் ஓடிடுச்சு. காலிப் பக்கம் காலியாவே நின்னுடுச்சு."

தையற்காரி செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்க காலிப் பக்கத்துக்கு... யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. அதை விடுங்க. நம்பரைத் திருத்திட்டீங்கல்ல? அது போதும்மா." வைத்துவிட்டார்.

அவள் அந்த வெள்ளைப் பக்கத்தின் கருத்துகளைத் திறந்தாள். ஒன்பது இருந்தன. 'அருமை!' 'சூப்பர்!' 'அசத்தல்!'

எல்லாவற்றுக்கும் மேலே, காலை எட்டேகாலுக்கே வந்த முதல் கருத்து: 'கலர் எல்லாம் பிரமாதம். கண்ணை எடுக்கவே முடியலை!'

அதன் பக்கத்தில், சின்ன வட்டப் படத்துக்குள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள் தையற்காரி.